பங்காருப்பேட்டை பெஞ்சை வெட்டின மருமகனுக்கு

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
புதன்கிழமை, காலை டிபனுக்குப் பிறகு

சினிமாக் கலையில் நாளுக்கு நாள் பேரெடுத்து வரும் என் தங்கை மகன் சிரஞ்சீவி உதய்க்கு, தாய்மாமன் காத்தவராயன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை விமலாவும் சுகம். பெங்களூரில் நீயும், உன் அம்மா ராதிகாவும், மச்சான் சிவகுமாரும் சுகமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். சுகம் என்று மேலே எழுதியது கடிதத்துக்குரிய மரியாதைக்காக. உண்மையில் சுகம் இல்லை. காரணம் நீ. போனிலேயே சொல்லிவிடலாம் என்று நான்கு தடவை அடித்தேன். நான்கு தடவையும் "மாமா, எடிட்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்றாய். நீ எடிட்டில் இருப்பதுதான் இங்கே பிரச்சினையே. ஆகவே கடிதம் எழுதுகிறேன். இதை நடுவில் துண்டிக்க உன்னால் முடியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், நான் நியாயஸ்தன். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் கோரமண்டல் சமுதாயக் கூடத்தில், நீ வராமல் அசிஸ்டெண்டை அனுப்பி, உன் படத்தை ஊருக்குப் போட்டுக் காட்டினாயே, ஒண்ணே முக்கால் மணி நேரம் ஒரு ஜனம் இருமவில்லை. இந்த ஊரில் அத்தனை பென்ஷன்காரர்கள் கூடின இடத்தில் இருமல் கேட்காமல் இருப்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. லைன் வீடு லைன் வீடாகவே இருந்தது. சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டிலிருந்து காற்றில் பறந்து வரும் தூசியை, விமலாவாக நடித்த பெண் அவளை மாதிரியே முந்தானையால் தட்டினாள். என் வேஷம் போட்ட பையன், சுரங்கத்துக்குள் ஆள் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் லீவரைப் பிடித்த விதம் அப்படியே நான். சும்மாவா, மூணு நாள் முருங்கைக் கட்டையை வைத்து நான் பழக்கிவிட்டது. ஷாப்டுக்குள், அந்தச் சுரங்கக் குழிக்குள், ஆள் இறங்கும்போது மூணு தடவை மணி அடிப்பார்களே, அது நம்ம பர்னபாஸ் தன் கையால் அடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் கூடத்தில் இருந்த கிழவன்கள் எல்லாம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்ததை நானே பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று பக்கத்தில் சொல்லிக்கொண்டேன்.

இத்தினி நல்லா ஓட்டிட்டு வந்தவன் கடைசில இன்னாடா பண்ண? ஹீரோ கோரமண்டல் ஸ்டேஷன்ல ரயில் ஏறினான். அந்தப் பொண்ணு கைக்கொழந்தையோட பிளாட்பாரத்துல நிக்கிறா. ரயில் நகருது. அவன் மூஞ்சைக் காட்டின, அவ மூஞ்சைக் காட்டின, டபக்குன்னு இருட்டு. சத்தம் கெடையாது, பாட்டு கெடையாது, ஒரு நிமிஷம் முழுசா கருப்பு. நாங்க இன்னா நெனப்போம்? கரண்ட் போச்சுன்னுதான் நெனச்சோம். ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டியிருந்ததால கூடமே கும்மிருட்டு. கூடத்தைப் பார்த்துக்கற மஞ்சுநாத் "ஸ்வல்ப இரி, ஸ்வல்ப இரி" ன்னு கன்னடத்துல எல்லாரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக்கினே ஓடிப் போய், நல்லா இருந்த ஃபியூஸைப் புடுங்கிட்டார். அப்பதான் நெஜமாவே கரண்ட் போச்சு. அதுக்கப்புறம் வர வேண்டிய பேருங்க ஒண்ணுமே வரல. "ஆலோசனை: வைண்டிங் எஞ்சின் டிரைவர் காத்தவராயன்" ன்னு பெருசா வரும்னு நான் ஊர் பூரா சொல்லி வெச்சிருந்தேன், கோழிக்கடைக்காரன் வரைக்கும். அதுவும் இருட்டுல போச்சு.

இருட்டுல உன் அத்தை என் கையைப் புடிச்சு "அவ்ளோதானா?" ன்னு கேட்டா. அந்த "அவ்ளோதானா"வை ஞாபகத்துல வெச்சுக்கோ, பின்னாடி வரேன்.

மொபைல் வெளிச்சத்துல உன் அசிஸ்டெண்ட் ஷில்பா ஸ்டூல் மேல ஏறி, "படம் முடிஞ்சுது சார், இது ஓப்பன் எண்டிங், அவன் திரும்பி வந்தானா இல்லையான்னு நீங்களே யோசிக்கணும்" னு சொல்லுச்சு. பாவம், நல்ல பொண்ணு. ஆனா யார்கிட்ட சொல்லுது பாரு. பர்னபாஸ் முப்பது வருஷம் ஷாப்ட் வாயில நின்னு ஆள் எண்ணினவன். கீழ போற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு டோக்கன், மேல வந்தா அதைத் திருப்பிக் குடுத்து ஆணியில மாட்டணும். ஒரு ஆணி காலியா இருந்துச்சுன்னா அந்த ஷிப்டுல ஒருத்தனும் வீட்டுக்குப் போகமாட்டான். அது உனக்கும் தெரியும், படத்துலயே அழகா எடுத்திருக்க. அப்பேர்ப்பட்டவன்கிட்ட வந்து, போனவன் வந்தானா இல்லையான்னு நீயே யோசின்னா? "இன்னாம்மா சொல்ற? ஆள் கணக்கு சரியாவாம நான் எழுந்துக்கமாட்டேன்" ன்னு நாற்காலியில சாய்ஞ்சு உட்கார்ந்துட்டான். அவன் உட்கார்ந்ததும் கூடமே உட்கார்ந்துடுச்சு. ஷில்பா சிரிச்சிப் பார்த்துச்சு, கெஞ்சிப் பார்த்துச்சு. யாரோ டிபன் பாக்ஸைத் தெறந்துட்டாங்க. மணி ஒண்ணரை. ஷில்பா உனக்கு போன் போட்டுச்சு, நீ எடிட்ல இருந்த.

வேற வழியில்லாம நான்தான் எழுந்தேன். "இது என் கதைன்னு எல்லாருக்கும் தெரியும். ரயில் ஏறினது நான்தான். திரும்பி வந்துட்டேன். இருபத்திநாலு வருஷமா உங்க கண்ணு முன்னாடிதான் கீறேன். வீட்டுக்குப் போங்க" ன்னேன். நல்லாத்தான் பேசினேன். அதோட உட்கார்ந்திருக்கலாம். பர்னபாஸ் விடல. "வந்த, சரி. இன்னாத்துக்கு வந்த? ராஜஸ்தான்ல தாமிரச் சுரங்கத்துல வேலை, குவார்ட்டர்ஸ் தரேன்னாங்க. எதுக்குத் திரும்பி வந்த, அதைச் சொல்லு" ன்னான். கூடமே என்னையே பார்க்குது. விமலா பச்சைப் பட்டுல, தலை நிறைய கனகாம்பரத்தோட, தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருக்கா. பதில் தொண்டை வரைக்கும் வந்துச்சு உதய். சத்தியமா வந்துச்சு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "பசிச்சுது, வந்தேன்" ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. விமலா சிரிக்கல.

இன்னிக்குப் பத்து நாள் ஆச்சு. "சாப்பிடுங்க", "கேஸ்காரன் வந்தா சொல்லுங்க", "மோட்டார் போடுங்க". இந்த மூணு வார்த்தைக்கு மேல அவ வாயிலேர்ந்து ஒண்ணும் வரல. ஊர்க்காரங்க பேசறதுக்கு மட்டும் கொறைச்சல் இல்ல. குழாயடியில பொம்பளைங்க என்னைப் பார்த்து "இன்னாண்ணே, கைக்கொழந்தைக்காரியை இப்பிடி விட்டுட்டுப் போய்ட்டீங்களே" ன்னு கேக்கறாங்க. நான் குடத்தோட அவங்க எதிர்லயே நிக்கிறேன், அப்பவும் போய்ட்டேனாம். ரேஷன் கடையில விமலாவைப் பாவம்னு சொல்லி வரிசையில முன்னாடி விட்டாங்க, அவளும் போனா. முந்தாநாள் மகளிர் குழுவுலேர்ந்து மமதான்னு ஒரு பொண்ணு ஃபாரத்தோட வந்துச்சு. புருஷன் கைவிட்ட பெண்களுக்கு ஏதோ உதவியாம், அம்மா கையெழுத்துப் போட்டா போதும்னுச்சு. நான் அங்கயே முறத்துல அவரைக்காய் உரிச்சிக்கினு உட்கார்ந்திருக்கேன். "யாரும்மா கைவிட்டது?" ன்னேன். "படத்துல பார்த்தேன் அங்கிள்" னுச்சு. விமலா அந்த ஃபாரத்தை வேணாம்னு சொல்லுவான்னு பார்த்தேன். வாங்கி மடிச்சு, காலண்டர் ஆணியில மாட்டிட்டா. இன்னும் அங்கதான் தொங்குது.

இப்ப, படம் போட்ட மறுநாள் நீ எனக்கு அனுப்பின மெசேஜுக்கு வரேன். "மாமா, அந்த பங்காருப்பேட்டை பெஞ்சு சீன் ஒட்டல. அவன் ஏன் திரும்பறான்னு நம்பற மாதிரி இல்ல, அதான் எடுத்துட்டேன்" ன்ன. டேய், நடந்ததை நம்ப முடியலன்னா இன்னா அர்த்தம்? ஆறு ஞாயித்துக்கிழமை நான் உட்கார்ந்து சொல்ல, நீ மொபைல்ல பதிவு பண்ண. அதை நீ படமும் எடுத்த. கோரமண்டல் ஸ்டேஷன்லயே பங்காருப்பேட்டைன்னு போர்டு மாட்டி, நம்ம வீட்டுப் பெஞ்சை நானும் பர்னபாஸும் தூக்கிக்கினு வந்து போட்டு, ரெண்டு நாள் எடுத்த. அந்தப் போர்டைப் பார்த்து பங்காருப்பேட்டை வந்துடுச்சுன்னு ஒரு அம்மா மூட்டையோட எறங்கி, அவங்களை ஆட்டோ வெச்சு அனுப்பினோம். இத்தனையும் பண்ணிட்டு வெட்டிட்டேன்ற.

உனக்கு மறந்துபோச்சுன்னா இன்னொரு தடவை சொல்றேன், கேளு. சுரங்கம் மூடி ஆறு மாசம். என்கிட்ட ஃபஸ்ட் கிளாஸ் வைண்டிங் சர்ட்டிபிகேட் இருந்துச்சு, அதைக் காட்டினா எந்தச் சுரங்கத்துலயும் லீவரைத் தொட விடுவான். ராஜஸ்தான்லேர்ந்து வரச் சொல்லி லெட்டர் வந்துச்சு. காலையில கெளம்பிட்டேன். விமலா எங்க கைக்கொழந்தை பல்லவியை இடுப்புல வெச்சிக்கினு ஸ்டேஷன் வரைக்கும் வந்தா. போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. ரயில் நகர்ந்தப்பவும் அழல, கையை மட்டும் தூக்கினா. பங்காருப்பேட்டையில வண்டி மாறணும், ரெண்டு மணி நேரம் டைம். பெஞ்சுல உட்கார்ந்து மசால் வடை ஒண்ணு வாங்கினேன். பாதி கடிச்சிட்டு, மீதியைப் பேப்பர்ல மடிச்சு சட்டைப் பையில வெச்சேன். வெச்சப்புறம்தான் உறைச்சுது, யாருக்குடா மடிக்கிறேன்னு. ஷிப்டு முடிஞ்சு வடை வாங்கினா பாதி அவளுக்கு எடுத்துக்கினு போறது பழக்கம். கையே பண்ணிடுச்சு. அந்தப் பாதி வடையை வெச்சிக்கினு நான் எப்படிடா ராஜஸ்தான் போவேன்? பெட்டியைத் தெறந்து பார்த்தா சர்ட்டிபிகேட் கவரும் இல்ல, அது வேற விஷயம், ரயில்ல எங்கயோ விழுந்திருக்கும். அடுத்த லோக்கலைப் புடிச்சு வந்துட்டேன். வாசல்ல நின்னா. "வந்துட்டீங்களா, கை காலைக் கழுவுங்க" ன்னா, ஷிப்டு முடிஞ்சு வந்த மாதிரி. வீட்டுல ஒரு ரெண்டு மணி நேரம் சும்மா அந்தக் கவரைத் தேடினேன், இருக்கற எடத்துல இருக்கட்டும்னு. கெடைக்கல. தன்பாத்துல கீற சுரங்க ஆபீசுக்கு எழுதினா டூப்ளிகேட் தருவாங்கன்னு பர்னபாஸ் விலாசமெல்லாம் வாங்கியாந்து குடுத்தான். நான் எழுதல.

அப்புறம் இருபது வருஷம் விடியக்காலை ரயில்ல பெங்களூர் போய் ஒரு பெரிய கட்டடத்துல லிஃப்ட் ஆப்பரேட்டரா இருந்தேன். ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழ ஆள் எறக்கினவன், பதினோரு மாடிக்கு பட்டன் அமுக்கினேன். ஒருநாள் கூட வருத்தப்படல. சரி, மொதல் வருஷம் கொஞ்சம் வருத்தப்பட்டேன். ஆனா தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுல இருந்தேன்.

இதைத்தான் நான் அவகிட்ட சொன்னதில்ல. எப்படிச் சொல்றது? கல்யாணம் ஆகி இத்தினி வருஷத்துக்கப்புறம், ஒரு நாள் திடீர்னு மோர் ஊத்தும்போது "உனக்காகத்தான்டி வந்தேன்" னு சொன்னா, ஜொரம் கிரம் வந்துடுச்சான்னு நெத்தியைத் தொட்டுப் பார்ப்பா. அதான் உன் படத்துல சொல்லிடலாம்னு இருந்தேன். எட்டு மாசமா அவகிட்ட "கடைசி சீனை மட்டும் பாரு, எல்லாம் அதுல கீது" ன்னு சொல்லிக்கினே வந்தேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். வெட்கம்னு நெனச்சு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். அந்தச் சீனுக்காகத்தான் பட்டுப்பொடவை கட்டிக்கினு வந்தா. வந்தவளுக்கு நீ இருட்டைக் காட்டின. அவளும் "அவ்ளோதானா?" ன்னு கேட்டா. இப்பப் புரியுதா அந்தக் கேள்வி?

உனக்குக் கலை தெரியும், ஒத்துக்கறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியும். எஞ்சின் ரூம்ல உட்கார்ந்திருக்கறவனுக்கு கூண்டு கண்ணுக்குத் தெரியாது, அதுல இருக்கற ஆளுங்களும் தெரியமாட்டாங்க. வேகமா மேல இழுக்கறது பெரிய வித்தை இல்ல, அதை எவனும் பண்ணுவான். கடைசி பத்து அடியில மெதுவாக்கி, கூண்டோட தரையும் வெளித்தரையும் ஒண்ணா வர்ற மாதிரி நிறுத்தணும். அரை அடி முன்னாடி நிறுத்தினா எறங்கறவன் தடுக்கி விழுவான். அப்புறம் ரெண்டாயிரம் அடி நல்லா இழுத்தேன்னு சொன்னா எவன் கேப்பான்? மகனே, நீ தரைக்கு அரை அடி முன்னாடி நிறுத்திட்ட. ஒரு கூடமே தடுக்கிச்சு. எனக்கும் அடி பட்டுச்சு.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இருபதாம் தேதி படத்தைக் கடைசியாக முடித்துக் கொடுக்கப்போவதாக ஷில்பா சொன்னாள். அதற்குள் அந்தப் பெஞ்சு, வடை, திரும்பி வரும் ரயில், வாசல், எல்லாவற்றையும் வெட்டின இடத்தில் ஒட்டிவிடு. ஒட்டி, இன்னொரு ஞாயிறு கூடத்தில் போடு. மஞ்சுநாத்தை ஃபியூஸ் பக்கம் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். விமலாவை என் பக்கத்தில் உட்கார வைப்பேன். மீதி தானாக நடக்கும், எனக்கு அதில் துளிக்கூட சந்தேகம் இல்லை. இந்தக் கடிதத்தில் இருப்பது உனக்கும் எனக்கும் மட்டும். வழக்கப்படி உன் அத்தை கீழே இரண்டு வரி எழுதி, கவர் ஒட்டி, போஸ்ட் செய்வாள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை, அந்த விஷயத்தில் அவள் தங்கம்.

உன் அம்மாவை முழங்கால் வலிக்குத் தைலம் தடவச் சொல். மச்சானுக்கு என் அன்பு. உனக்கு நீண்ட ஆயுளும், முடிக்கத் தெரிந்த கையும் வாய்க்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

தாய்மாமன்,
ச. காத்தவராயன்
(வைண்டிங் எஞ்சின் டிரைவர், ஃபஸ்ட் கிளாஸ்)

பி.கு.

உதய் கண்ணு, அத்தை எழுதறேன். ரெண்டு வரி பத்தாது, பின்பக்கமும் திருப்பிப் பாரு. மாமா லெட்டரைக் குடுத்துட்டு பர்னபாஸ் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கார். அவர் எழுதற எல்லா லெட்டரையும் முழுசா படிச்சிட்டுத்தான் நான் கீழ ரெண்டு வரி எழுதுவேன். தங்கமாம்.

அந்தச் சர்ட்டிபிகேட் ரயில்ல விழல. முந்தின நாளே நான் எடுத்து அரிசி டிரம்முக்கு அடியில போட்டுட்டேன். போகாதீங்கன்னு சொன்னா கேக்கற ஆள் இல்ல அவர். காகிதம் இல்லன்னா தேடிக்கினு வீட்டுக்குத்தான் வருவார்னு தெரியும். வந்தார். ரெண்டு மணி நேரம் வீட்டையே கவுத்துத் தேடினார். நான் அந்த டிரம்மு மேல உட்கார்ந்து பல்லவிக்குச் சோறு ஊட்டினேன்.

எட்டு மாசமா "கடைசி சீனைப் பாரு, எல்லாம் அதுல கீது" ன்னு அவர் சொல்லச் சொல்ல அந்த டிரம்மு பக்கம்தான் என் கண்ணு போகும். கண்டுபுடிச்சிட்டார், ஊரைக் கூட்டி வெச்சுக் காட்டப் போறார்னு நெனச்சிட்டேன். ஸ்கிரீன் இருட்டானதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. "அவ்ளோதானா" ன்னு கேட்டது அதுக்குத்தான். அப்புறம் "பசிச்சுது, வந்தேன்" னார். வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா சண்டை போட எனக்கு இன்னா முகம் இருக்கு? காகிதத்துக்காகத்தான் வந்தார்னு இருபத்திநாலு வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன். அவர் பொழப்பைக் கெடுத்தவ நான்னு உள்ள ஒண்ணு அரிச்சிக்கினே இருக்கும். இந்தப் பத்து நாளும் சொல்லிடலாமா வேணாமான்னு அதுதான் ஓடிக்கினு இருந்துச்சு, பேச்சே வரல.

பாதி வடையை மடிச்சு வெச்சது இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். துவைக்கும்போது சட்டைப் பையில எண்ணெய்க் கறை இருந்துச்சு, அதுக்கு அவரைத் திட்டினதுதான் ஞாபகம். தன்பாத்துக்கு எழுதாம விட்டதையும் சோம்பேறித்தனம்னு நெனச்சேன். லெட்டரைப் படிச்சிட்டு சமையக்கட்டுல நின்னு ரொம்ப நேரம் அழுதேன்டா. அந்த ஃபாரத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன். மதியத்துக்கு மசால் வடைக்கு ஊறவெச்சிருக்கேன். ஏன்னு அவருக்குத் தெரியாது, தெரிய வேணாம்.

அதனால அந்த பெஞ்சு சீனை நீ ஒட்டாத. நீ நம்ப முடியலன்னு வெட்டினது சரிதான். கதையில பாதி அவருக்குத் தெரியாது, பாதி எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, ஊருக்கு எதுக்கு? ரயில் போறதோட நிறுத்து. மாமா கேட்டா மெஷின்ல அந்தச் சீன் அழிஞ்சு போச்சுன்னு சொல்லிடு. நாலு நாள் கத்துவார், நான் பார்த்துக்கறேன்.

கவர் கனமா இருக்கேன்னு பார்க்காத. சர்ட்டிபிகேட்டை உள்ள வெச்சிருக்கேன், அரிசித் தவிடு ஒட்டியிருந்தா தட்டிட்டு பத்திரமா வெச்சுக்கோ. சுரங்கத்தைத் திரும்பத் தெறக்கப் போறாங்கன்னு பேப்பர்ல எப்ப வந்தாலும் மனுஷன் கண்ணாடியைத் துடைச்சு ரெண்டு தடவை படிக்கிறார். அறுபது வயசு ஆச்சு, இருந்தாலும் வீட்டுல வெச்சிக்க எனக்கு பயமா இருக்கு.

அத்தை விமலா